கம்பைல் முடிந்தது, திரை எங்கே?

11 ஜனவரி 2025, சனி. கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு கேள்வி

அப்பாவின் அச்சகத்தில் இருபது வருடக் கோப்புகள் கிடக்கின்றன. எல்லாம் பேஜ்மேக்கர் (பக்கம் அமைக்கும் மென்பொருள்), பாமினி எழுத்துரு. கல்யாண அட்டை, மரண அறிவித்தல், அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவுப் புத்தகம்). அவற்றைத் திறந்த விண்டோஸ் எக்ஸ்பி கொம்பியூட்டர் போன மாதம் செத்துவிட்டது. என் லப்டொப்பில் லினக்ஸ் மின்ட் 21.3. மெய்நிகர் கணினி ஒன்றுக்குள் எக்ஸ்பியை ஓட்டலாம் என்று, அதற்கான நிரலான கியூஎமு 9.2இன் மூலநிரலை இறக்கி, இரவு முழுக்கக் கம்பைல் செய்தேன் (மூலநிரலை ஓடும் நிரலாகக் கட்டினேன்). பிழை ஒன்றும் வரவில்லை. ஓடவிட்டால் ஜன்னல் திறக்கவில்லை. விஎன்சி சேர்வர் 127.0.0.1:5900 இல் ஓடுகிறது என்று ஒரு வரி மட்டும் வருகிறது. மூலநிரலில் இருந்து கட்டினால்தான் வேகம் என்கிறார்கள். எங்கே பிழை விட்டேன்?

11 ஜனவரி, இரவு. பதில்

தம்பி, நீங்கள் பிழை எதுவும் விடவில்லை. கியூஎமுவின் குணமே இதுதான். கட்டத் தொடங்குமுன் கன்ஃபிகர் என்ற ஸ்கிரிப்ட் உங்கள் லப்டொப்பைத் துழாவிப் பார்க்கும். ஜிடிகே இருக்கிறதா, எஸ்டிஎல் இருக்கிறதா, சத்தத்துக்கு என்ன இருக்கிறது என்று. இல்லாததை இல்லை என்று ஒரு பட்டியலில் குறித்துவிட்டு, மிச்சத்தை வைத்துக் கட்டி முடித்துவிடும். வாய் திறக்காது. ஜன்னல் வர ஜிடிகே அல்லது எஸ்டிஎல் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் திரையை விஎன்சி (திரையை வலை வழியாகக் காட்டும் முறை) வழியாக நீட்டும். ஆகவே உங்கள் எக்ஸ்பி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சந்தேகம் என்றால் ஒரு விஎன்சி வியூவரை 5900க்குத் தொடுத்துப் பாருங்கள்.

மின்ட்டில் ஜிடிகே ஏற்கனவே இருக்கிறதே என்பீர்கள். இருப்பது ஓடுவதற்கான நூலகம். கட்டுவதற்கு ஹெட்டர் கோப்புகள் வேண்டும். அவை பெயர் முடிவில் 'டெவ்' என்று வரும் தனிப் பொதியில் இருக்கும். லிப்ஜிடிகே-3-டெவ் போட்டுவிட்டு மறுபடி கன்ஃபிகர். இந்த முறை எனேபிள்-ஜிடிகே என்று சேர்த்து ஓட்டுங்கள். வெறுமனே ஓட்டினால் 'இருந்தால் சேர்த்துக்கொள்' என்று பொருள். எனேபிள் என்று எழுதினால் 'இல்லாவிட்டால் அங்கேயே நில்' என்று பொருள். இரவு பத்து மணிக்கு நிற்கட்டும். விடிய ஆறு மணிக்குத் திரையில்லாத கியூஎமு ஒன்று கையில் கிடைப்பதை விட அது நல்லது.

கன்ஃபிகர் கடைசியில் கொட்டும் நீளப் பட்டியலை யாரும் வாசிப்பதில்லை. நானும் பல வருடம் வாசிக்கவில்லை.

12 ஜனவரி

'இரவு முழுக்க' என்பது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. கியூஎமு பெரியதுதான், ஆனால் அவ்வளவு பெரியதல்ல. இரண்டு காரணம் இருக்கலாம்.

ஒன்று, டார்கெட்-லிஸ்ட் கொடுக்காமல் கட்டியிருப்பீர்கள். அப்படி விட்டால் அது தனக்குத் தெரிந்த கணினி வகை எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கியூஎமு கட்டும். ஆர்ம், மிப்ஸ், பவர்பிசி, ஸ்பார்க், எஸ்390 என்று போய்க்கொண்டே இருக்கும். அச்சகத்து எக்ஸ்பிக்கு ஐபிஎம் மெயின்ஃப்ரேம் எதற்கு? எக்ஸ்86_64-சொஃப்ட்எம்எம்யூ ஒன்று போதும்.

மற்றது, வெறும் மேக் (கட்டச் சொல்லும் கட்டளை) அடித்திருப்பீர்கள். இப்போதைய கியூஎமுவில் மேக் ஒரு முகமூடி. உள்ளே வேலை செய்வது நிஞ்சா. வெறும் மேக் என்றால் நிஞ்சாவுக்கு ஒரு நேரத்தில் ஒரே வேலைதான் போகும். நான்கு கோர் இருந்தாலும் மூன்று சும்மா இருக்கும். மேக்குக்கு ஜே4 (ஒரே நேரத்தில் நான்கு வேலை) கொடுங்கள், அல்லது பில்ட் ஃபோல்டருக்குள் போய் நேரே நிஞ்சா என்று அடியுங்கள்.

மெமரி எவ்வளவு என்று நீங்கள் சொல்லவில்லை. 4 ஜிபி என்றால் ஜே4 கேட்காதீர்கள், ஜே2. பிரவுசரையும் மூடிவிடுங்கள். மெமரி தீர்ந்தால் லினக்ஸின் மையமான கெர்னல் கம்பைலரைக் கொன்றுவிடும். திரையில் வெறும் 'கில்ட்' என்று வரும். அதை மூலநிரலின் பிழை என்று நினைத்து நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

12 ஜனவரி, பின்னேரம்

என்னிடம் இருக்கும் மின்ட் 21.3 இல் அதே 9.2ஐக் கட்டிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். கன்ஃபிகர் முதல் நிமிடத்திலேயே நின்றுவிட்டது. பாவிக்கக்கூடிய டொம்லி இல்லையாம். மின்ட் 21இல் பைதான் 3.10. டொம்ல் என்ற அமைப்புக் கோப்பை வாசிக்கும் திறன் பைதானுக்குள்ளேயே வந்தது 3.11இல். ஆகவே அதற்கு முந்திய பைதானுக்கு பைதான்3-டொம்லி பொதி வேண்டும், பைதான்3-வென்வும் வேண்டும். உங்களுக்கு இது வரவில்லை என்றால் ஏதோ வீடியோவைப் பார்த்து முன்பே போட்டிருக்கிறீர்கள்.

நிஞ்சா-பில்ட், பிகேஜி-கன்ஃபிக், லிப்கிளிப்2.0-டெவ், லிப்பிக்ஸ்மேன்-1-டெவ். இவை எப்படியும் வேண்டும்.

இன்னொன்று. மொபைல் டேட்டாவில் இருப்பவர்கள் மூலநிரலைக் கிட் களஞ்சியத்தில் இருந்து எடுக்க வேண்டாம், எல்லாம் ஒன்றாகப் பொதிந்த வெளியீட்டு டார் கோப்பை எடுங்கள். கிட் மரம் கன்ஃபிகர் நேரத்தில் துணைத் திட்டங்களை வலையில் இருந்து இழுக்கும். டாரில் அவை ஏற்கனவே பொதிந்து வைக்கப்பட்டிருக்கும். பாதியில் டேட்டா முடிந்து, ரீலோட் கார்ட் வாங்க வெள்ளவத்தைச் சந்திக்கு இறங்கிய அனுபவத்தில் சொல்கிறேன்.

14 ஜனவரி, தைப்பொங்கல்

பொங்கிச் சாப்பிட்டாயிற்று, வெளியே வெயில். பழசு கொஞ்சம்.

நான் முதலில் கியூஎமுவைக் கட்ட முயன்றது 2007இல். அப்போது உபுண்டு லினக்ஸ் சீடியை வீட்டுக்கு இலவசமாகத் தபாலில் அனுப்புவார்கள். தபால்காரர் அதைப் பாடப்புத்தகம் என்று நினைத்து 'நல்லாப் படியுங்கோ' என்றுவிட்டுப் போவார். கியூஎமு அப்போது 0.9. ஃபப்ரீஸ் பெலார் 2003இல் தொடங்கியது. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளைத் தொடங்கியவரும் அவர்தான். அந்தக் காலக் கியூஎமு ஜிசிசி 4 கம்பைலரில் கட்டுப்படாது, ஜிசிசி 3 வேண்டும். காரணம் வேடிக்கையானது. கம்பைலர் துப்பும் இயந்திர நிரலைத் துண்டு துண்டாக வெட்டி, ஓடும் நேரத்தில் ஒட்டி ஒட்டித்தான் அது மற்றக் கணினியைப் பாவனை செய்தது. கம்பைலர் தன் பாணியை மாற்றினால் ஒட்டு வேலை குழம்பிவிடும். 2009இல் 0.10 வந்தபோதுதான் டிசிஜி என்ற சொந்த மொழிபெயர்ப்பான் அதன் இடத்தைப் பிடித்தது.

எனக்கு அன்றைக்கு இது எதுவும் தெரியாது. ஜிசிசி 4 புதியது, புதியது எப்படிப் பிழையாகும் என்று கன்ஃபிகருக்குள் அந்தச் சோதனையையே வெட்டி எறிந்துவிட்டுக் கட்டினேன். விளைவை விவரிக்கத் தேவையில்லை.

19 ஜனவரி

வேகம் பற்றிய உங்கள் கேள்விக்கு இன்று பதில். இரண்டையும் அளந்து பார்த்தேன். மின்ட் தன் மென்பொருள் களஞ்சியத்தில் ஆயத்தமாகத் தரும் கியூஎமு 6.2 ஒரு பக்கம், நான் கட்டிய 9.2 மறுபக்கம், ஒரே டிஸ்க் கோப்பு. களஞ்சியத்தது எக்ஸ்பி மேசைக்கு வர ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கலாம். நான் கட்டியது கோப்பையைத் தூக்குமுன் வந்து நிற்கிறது. ஆகவே மூலநிரலில் கட்டுவது வேகம்தான். சொன்னவர்கள் சரி.

20 ஜனவரி

நேற்று எழுதியதை மறந்துவிடுங்கள். வெட்கக்கேடு.

9.2ஐ ஓட்ட நான் வைத்திருந்த ஸ்கிரிப்டில் எனேபிள்-கேவிஎம் என்று இருக்கிறது. களஞ்சியத்ததைக் கையால் அடித்து ஓட்டினேன், அதில் அது இல்லை. கியூஎமுவிடம் எதுவும் சொல்லாவிட்டால் அது டிசிஜியைத்தான் எடுக்கும். அதாவது உள்ளே இருக்கும் கணினியின் ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து ஓட்டும். கேவிஎம் என்றால் அந்தக் கட்டளைகள் நேரே சிபியூவிலேயே ஓடும். நான் அளந்தது 6.2க்கும் 9.2க்கும் உள்ள வித்தியாசத்தை அல்ல, துபாஷி வைத்துக் கதைப்பதற்கும் நேரே கதைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை.

இரண்டிலும் கேவிஎம் போட்டு இன்றைக்கு மறுபடி அளந்தேன். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தெரியவும் கூடாது. வேகத்தைத் தரும் கேவிஎம் கியூஎமுவுக்குள் இல்லை, கெர்னலுக்குள் இருக்கிறது. 2007 பெப்ரவரியில் 2.6.20 கெர்னலோடு வந்தது. கியூஎமுவை எத்தனை முறை கட்டினாலும் கெர்னல் அதே கெர்னல்தான். உபுண்டு வழியில் வந்தவற்றில் கேவிஎம் என்ற பெயரிலேயே ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது, அது கியூஎமுவை எனேபிள்-கேவிஎம் சேர்த்துக் கூப்பிடும் இரண்டு வரிதான். அதை அடித்திருந்தால் நேற்று இந்த மானம் போயிருக்காது.

20 ஜனவரி, இன்னும் கொஞ்சம்

கேவிஎம் கிடைக்கவில்லை என்று வந்தால் இரண்டு இடம் பாருங்கள். அனுமதி மறுப்பு என்றால் நீங்கள் கேவிஎம் குழுவில் இல்லை. யூசர்மொட்டால் சேர்த்துவிட்டு லொக்அவுட் செய்து திரும்ப உள்ளே வர வேண்டும். டெர்மினலை மூடித் திறந்தால் போதாது. கேவிஎம் சாதனமே இல்லை என்றால் பயாஸில் (கணினி எழும்பும்போது வரும் அமைப்பில்) பாருங்கள். இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம். பழைய லப்டொப்புகளில் அதை அணைத்தே வைத்திருப்பார்கள்.

அப்புறம் மெமரி அளவு கொடுக்க மறந்தால் உள்ளே இருப்பதற்கு 128 எம்பி தான் கிடைக்கும். எக்ஸ்பி அதிலும் முனகிக்கொண்டு ஓடும். பேஜ்மேக்கர் திறக்க 1024 கொடுங்கள்.

26 ஜனவரி

ஜன்னல் வந்துவிட்டது, இப்போது நெட்வொர்க் இல்லை என்கிறீர்கள். 'யூசர்' நெட்வொர்க் இந்த பைனரியில் சேர்த்துக் கம்பைல் செய்யப்படவில்லை என்று வருகிறதாம்.

பழைய கதையே, வேறு உடுப்பில். முன்பு 'யூசர்' நெட்வொர்க்கைத் தரும் ஸ்லிர்ப் என்ற நூலகம் கியூஎமுவின் மூலநிரலோடு சேர்ந்தே வரும். 7.2இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது லிப்ஸ்லிர்ப்-டெவ் வெளியே இருந்து வர வேண்டும். வராவிட்டால், அதே மாதிரி, வாய் திறக்காமல் விட்டுவிடும். எனேபிள்-ஸ்லிர்ப் சேர்த்து மறுபடி கட்டுங்கள். எக்ஸ்பிக்கு நெட்வொர்க் அட்டை வகை ஆர்டிஎல்8139 என்று கொடுங்கள்.

26 ஜனவரி, ஒரு மணி நேரம் கழித்து

குளிக்கும்போதுதான் உறைத்தது. எக்ஸ்பிக்கு நெட்வொர்க் எதற்கு?

மைக்ரோசொஃப்ட் அதைக் கைவிட்டது 2014 ஏப்ரல் 8. உங்களுக்குத் தேவை பேஜ்மேக்கர் திறப்பதும் அச்சுக் கோப்பை வெளியே எடுப்பதும். நிக் நன் என்று கொடுத்துவிடுங்கள், அட்டையே இருக்காது. கோப்புகளை மாற்ற ஃபாட் வடிவில் ஒரு சின்ன ரோ (raw) டிஸ்க் கோப்பை இரண்டாவது டிரைவாகக் கொடுங்கள். எக்ஸ்பியை மூடியபின் லினக்ஸில் மவுன்ட் செய்து எடுங்கள். 'மூடியபின்' என்பது முக்கியம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திறந்தால் கோப்புமுறை சிதைந்துவிடும்.

ஒரு கேள்விக்குப் பதில் எழுதி முடித்தபின் அந்தக் கேள்வியே தேவையில்லை என்று கண்டுபிடிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

2 பெப்ரவரி

பழைய ஹார்ட் டிஸ்க் உயிரோடு இருக்கிறது என்று இப்போதுதானே சொல்கிறீர்கள்! அதைக் கழற்றி ஒரு யூஎஸ்பி உறைக்குள் போடுங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஐடிஈ டிஸ்க்குக்கும் உறை கேட்டுப் பாருங்கள், தேடித் தருவார்கள். பிறகு கியூஎமு-ஐஎம்ஜி கன்வேர்ட்டால் முழு டிஸ்க்கையும் கியூஎமுவின் சொந்த டிஸ்க் வடிவமான கியூகவ்2 கோப்பு ஒன்றாக எடுத்துவிடுங்கள். எது மூலம், எது இலக்கு என்று மூன்று முறை பார்த்துவிட்டு என்டர்.

அந்தக் கோப்பில் இருந்தே எக்ஸ்பி பூட் ஆகுமா? ஆகலாம். நீலத்திரையில் 7பி என்ற எண் வந்தால் டிஸ்க் கட்டுப்படுத்தியின் டிரைவர் மாறிவிட்டது என்று பொருள். அதோடு மல்லுக்கட்டாமல் சீடியில் இருந்து புதிதாக ஒரு எக்ஸ்பி நிறுவி, பழையதை இரண்டாவது டிஸ்க்காகத் தொடுத்துக் கோப்புகளையும் எழுத்துருக்களையும் கொப்பி பண்ணுங்கள்.

4 பெப்ரவரி

சுதந்திர தின லீவு. மெய்நிகர் கணினிகளை ஜன்னலில் நிர்வகிக்கும் வர்ட்-மேனேஜரில் நான் கட்டிய கியூஎமுவைப் பாவிக்கலாம் என்று இறங்கினேன். எக்ஸ்எம்எல்லில் எமுலேட்டர் பாதையை மாற்றினேன், அனுமதி மறுப்பு. ஹோம் ஃபோல்டருக்குள் கட்டி வைத்திருந்தேன், அதன் பின்னால் இருக்கும் லிப்வர்ட் கியூஎமுவை ஓட்டும் பயனர் என் ஹோமுக்குள் நுழைய முடியாது. சரி என்று யூஎஸ்ஆர் லோக்கலுக்கு மாற்றினேன், திரும்பவும் மறுப்பு. இந்த முறை ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்புக் காவல். எந்தக் கியூஎமு எங்கே இருந்து ஓடலாம் என்று அதனிடம் ஒரு பட்டியல் இருக்கிறது, என்னுடையது அதில் இல்லை. கெர்னலின் பதிவைக் காட்டும் டிமெசெக்கில் 'டினைட்' என்று தேடியபோதுதான் தெரிந்தது. ஒரு வரி சேர்த்தால் தீரும். சேர்க்கவில்லை. வர்ட்-மேனேஜருக்குக் களஞ்சியத்தது, டெர்மினலுக்கு என்னுடையது என்று பாகப்பிரிவினை செய்துவிட்டேன்.

10 பெப்ரவரி

நேற்று முற்பகல் தீவு முழுக்கக் கரண்ட் போனது எல்லோருக்கும் தெரியும். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதாக அமைச்சர் சொன்னார். அந்த நிமிடம் என் மேசைக் கணினியில் இரண்டு வேலை ஓடிக்கொண்டிருந்தது, யூபிஎஸ் பற்றரி போன வருடமே செத்துவிட்டது.

முதல் வேலை, 9.2ஐ வேறு சில தெரிவுகளோடு கட்டுவது. பின்னேரம் கரண்ட் வந்ததும் நிஞ்சாவை விட்ட இடத்தில் இருந்து தொடரவிட்டேன். சந்தோஷமாக ஓடி, கடைசி இணைப்பில் ஒரு ஓ கோப்பு (கட்டி வைத்த துண்டு) துண்டிக்கப்பட்டிருக்கிறது என்று நின்றது. பார்த்தால் சில கோப்புகள் பூச்சியம் பைட். டிஸ்க்குக்குப் போய்ச் சேருமுன் கரண்ட் போய்விட்டது. ஆனால் கோப்பு இருக்கிறது, திகதி புதியது. நிஞ்சா திகதியைத்தான் நம்பும். பில்ட் ஃபோல்டரை அப்படியே அழித்துவிட்டு மீண்டும் கட்டினேன். மூலநிரலுக்கு வெளியே தனி ஃபோல்டரில் கட்டுவதன் அருமை இங்கேதான் தெரியும்.

இரண்டாவது வேலைதான் வலிக்கிறது. ஒரு மெய்நிகர் கணினிக்குள் டெபியன் நிறுவிக்கொண்டிருந்தேன். கெதியாக முடியட்டும் என்று டிஸ்க்குக்கு கேஷ் அன்சேஃப் கொடுத்திருந்தேன். உள்ளே இருக்கும் கணினி 'இதை டிஸ்க்கில் எழுதிவிட்டாயா' என்று கேட்கும்போதெல்லாம் 'எழுதியாயிற்று' என்று பொய் சொல்வதுதான் அந்த மோட். கியூஎமு-ஐஎம்ஜி செக் கொடுத்தேன். கியூகவ்2 ஓட்டையை அது அடைத்துவிட்டது, உள்ளே இருந்த ஈஎக்ஸ்டி4 கோப்புமுறை எழும்பவில்லை. பெயரிலேயே அன்சேஃப் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இனி யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது, குரங்கிடமா?

அச்சகத்துக் கோப்புகளுக்கு இந்த மோட் வேண்டாம் தம்பி. ஒன்றும் கொடுக்காமல் விட்டால் ரைட்பேக், அது உள்ளே இருப்பவன் கேட்கும்போது உண்மையைச் சொல்லும்.

12 பெப்ரவரி, போயா (பௌர்ணமி) லீவு

இரண்டு நாளாக ஒன்றரை மணி நேரக் கரண்ட் வெட்டு. சிகேஷ் போட்டேன். முன்பு கட்டிய துண்டுகளை அது எடுத்து வைத்திருப்பதால், ஃபோல்டரை அழித்துவிட்டுக் கட்டினாலும் கொஞ்ச நேரத்தில் முடிகிறது. இதை 11ஆம் திகதிப் பதிலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

23 பெப்ரவரி

எக்ஸ்பி ஓடுகிறது, பேஜ்மேக்கர் திறந்தது, 2004ஆம் வருடக் கல்வெட்டு ஒன்று எழுத்துப் பிசகாமல் வந்தது என்ற செய்தி கிடைத்தது. சந்தோஷம். எந்தக் கியூஎமு என்று கேட்டேன். களஞ்சியத்தது, 6.2. நீங்கள் இரவு முழுக்கக் கட்டிய 9.2 டவுன்லோட் ஃபோல்டரில் கிடக்கிறது.

அதில் எனக்கு வருத்தமில்லை. உங்களுக்கு 6.2 போதும் என்று 11ஆம் திகதியே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். கட்டுவது எனக்குப் பிடிக்கும், அதுதான் காரணம். ஒன்று மட்டும். யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் நிறுவியிருந்தால், கியூஎமு என்று அடிக்கும்போது வருவது 9.2 தான், 6.2 அல்ல. விச் கட்டளையால் பாருங்கள். பில்ட் ஃபோல்டரை அழிக்குமுன் அங்கே இருந்தே நிஞ்சா அன்இன்ஸ்டால் கொடுங்கள். அழித்தபின் ஒவ்வொரு கோப்பாகத் தேட வேண்டி வரும்.

உங்கள் அப்பாவின் முறைப்பாடு பற்றி: மவுஸ் உள்ளே போனால் வெளியே வருவதில்லை என்றால் கன்ட்ரோல், ஆல்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். அறுபது தாண்டியவருக்கு மூன்று விசை அதிகம் என்றால், ஓட்டும் கட்டளையில் யூஎஸ்பி-டேப்லெட் என்ற சாதனத்தைச் சேருங்கள். மவுஸ் தானாகப் போய் வரும்.